மர இலைகளில் வாழும் பூஞ்சைகள்: தட்பவெப்பமும் நிலஅமைப்பும் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயே இல்லாத பச்சை இலையிலும் பூஞ்சை இருக்குமா?

இருக்கும். இதுவரை ஆராய்ந்து பார்த்த மரங்களில், இலையில் பூஞ்சையே இல்லை என்று சொல்லத்தக்க மரம் அகப்படவில்லை. புள்ளியோ, துருவோ, சாம்பல் படலமோ கண்ணுக்குத் தெரிந்தால்தான் பூஞ்சை என்று நினைத்துப் பழகிவிட்டோம். கண்ணுக்குத் தெரிவது சிறு பகுதிதான்.

இந்தப் பூஞ்சைகளை வாழுமிடத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். இலையின் மெழுகுப் படலத்துக்கு மேலேயே வாழ்பவை ஒரு வகை. ஈஸ்ட்கள், கிளாடோஸ்போரியம், ஆரியோபாசிடியம் போன்றவை இதில் சேரும். இலையிலிருந்து கசியும் சர்க்கரை, மகரந்தத் தூள், பூச்சிகளின் கழிவு இவையே இவற்றின் உணவு. இலைத் திசுவுக்குள் புகுந்து, நோய்க்குறி எதையும் காட்டாமல் வாழ்பவை இன்னொரு வகை. இவற்றை உள்வாழ் பூஞ்சைகள் என்கிறோம். 'எண்டோஃபைட்' என்ற சொல்லை ஜெர்மன் அறிஞர் ஆன்டன் டி பாரி 1866இல் வழக்குக்குக் கொண்டுவந்தார்.

உள்வாழ் பூஞ்சையின் பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: டக்ளஸ் ஃபிர் மரத்தின் ஊசியிலையில் ரப்டோக்லைன் பார்க்கெரி என்ற பூஞ்சை மேல்தோலின் ஒரே ஒரு செல்லுக்குள் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே அடங்கிக் கிடக்கும். இலை மூப்படைந்து சாகும் நேரத்தில்தான் பரவத் தொடங்கும்.

இந்தப் பூஞ்சைகள் தாய்மரத்திலிருந்து விதை வழியாக வருகின்றனவா?

புல் வகைகள் சிலவற்றில் அப்படி உண்டு. மரங்களில் பெரும்பாலும் இல்லை. புதுத் தளிர் ஏறத்தாழ வெறுமையாகவே விரிகிறது. பிறகு காற்றிலும் மழைத்துளியிலும் வந்து விழும் ஸ்போர்கள், அதாவது பூஞ்சை வித்துகள், ஒவ்வொன்றாகக் குடியேறுகின்றன. காலநிலையும் நிலஅமைப்பும் இவ்வளவு வலுவாகத் தலையிடுவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வோர் இலையும் தன் பூஞ்சைகளைத் தன் சுற்றுப்புறத்திலிருந்தே திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எது முக்கியம்: மழையின் அளவா, வெப்பமா, காற்றின் ஈரப்பதமா?

மூன்றையும்விட முக்கியமானது, இலையின் மேல் நீர்ப்படலம் தொடர்ந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பது. பெரும்பாலான ஸ்போர்கள் முளைக்க நீர் வேண்டும். முளைக்குழாய் நீண்டு, இலைத்துளையைக் கண்டுபிடிக்கும் வரையிலோ, தோலைத் துளைக்கும் வரையிலோ அந்த நீர் வற்றக் கூடாது. பாதி வழியில் இலை காய்ந்தால், முளைத்த ஸ்போர் பெரும்பாலும் செத்துவிடும்.

வெப்பம் இந்தக் கணக்கில் கடிகாரத்தின் வேகத்தை மாற்றுகிறது. இதற்கு நன்கு அளக்கப்பட்ட எடுத்துக்காட்டு ஆப்பிள் மரத்தின் சொறிநோயை உண்டாக்கும் வென்ச்சூரியா இனீக்வாலிஸ். இலை ஈரமாக இருக்கும்போது வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் என்றால் 6 முதல் 9 மணி நேரத்தில் தொற்று உண்டாகிவிடும். 10 டிகிரி என்றால் 11 முதல் 14 மணி நேரம் தேவைப்படும். அதாவது குளிர்ந்த இடத்தில் இதே பூஞ்சைக்கு இன்னும் நீண்ட ஈரம் வேண்டும்.

இதனால்தான் ஆண்டு மழையளவை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பகலில் ஒரு மணி நேரம் கொட்டி, உடனே வெயில் அடிக்கும் ஊரில் மழை 3,000 மில்லிமீட்டராக இருக்கலாம். இலையோ சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். மழை குறைவாக, ஆனால் இரவெல்லாம் பனி இறங்கும் பள்ளத்தாக்கில் இலை மாலை முதல் காலை வரை நனைந்தே இருக்கும். பூஞ்சைக்கு இரண்டாவது இடமே மழைக்காடு. தெளிந்த இரவில் திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் இலை, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்று ஈரத்தால் முழுமையாக நிறைவுறும் முன்பே இலையில் பனி படிகிறது. வானிலை நிலையத்தின் அட்டவணையில் இந்த ஈரம் பதிவாகவே ஆகாது.

அப்படியானால் ஈரம் கூடக் கூட எல்லாப் பூஞ்சையும் பெருகுமா?

இல்லை. சாம்பல் நோய்ப் பூஞ்சைகள் இதற்கு நேர் மாறானவை. அவற்றின் ஸ்போருக்குள்ளேயே போதிய நீர் இருப்பதால், இலைமேல் நீர் இல்லாமலே முளைக்கும். நீர்த்துளி நின்றால் கெடுவதும் உண்டு, மழை அடித்துக்கொண்டும் போய்விடும். ஈரமான காற்றும் காய்ந்த இலையும் சேர்ந்த சூழலே இவற்றுக்கு வாய்ப்பு. 1907இல் ஐரோப்பாவில் திடீரெனத் தோன்றிப் பரவிய ஓக் சாம்பல் நோய் இந்த வகைதான்.

இலைமேல் கரி பூசியதுபோல் படரும் கரும்பூசணம் இன்னும் வேறு. அது இலையை உண்பதே இல்லை. அசுவினி, செதில்பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவை வெளியேற்றும் இனிப்புக் கழிவின் மேல்தான் வளர்கிறது. அங்கே காலநிலையின் கை முதலில் பூச்சியின் மேல் விழுகிறது, பிறகுதான் பூஞ்சையின் மேல். கரும்பூசணத்தைக் கண்டவுடன் ஈரப்பதத்தைக் குறை சொல்வதற்கு முன், இலையின் அடிப்புறத்தையும் மேலுள்ள கிளைகளையும் புரட்டிப் பாருங்கள்.

மலை ஏற ஏற இலைப் பூஞ்சைகள் எப்படி மாறுகின்றன?

நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி. சமவெளியில் இதே வேறுபாட்டைக் காணப் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். எனவே மலைச்சரிவு இயற்கை தந்த ஆய்வுக்கூடம்.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஹவாய்த் தீவில், மவுனா லோவா எரிமலைச் சரிவில் நடந்தது. 2012இல் வெளியானது. அங்கே ஓஹியா என்ற ஒரே மரம் கடலோர வெப்பத்திலும் வளர்கிறது, உயரக் குளிரிலும் வளர்கிறது, மழை கொட்டும் பக்கத்திலும், வறண்ட பக்கத்திலும் வளர்கிறது. ஆய்விடங்களின் ஆண்டு மழை 500 முதல் 5,500 மில்லிமீட்டர் வரை, சராசரி வெப்பம் 10 முதல் 22 டிகிரி வரை. 13 இடங்கள், இடத்துக்கு 10 மரம், மரத்துக்கு 10 இலை என்று எடுத்து, உள்ளே இருந்த பூஞ்சைகளின் டிஎன்ஏவைப் படித்தார்கள். ஓர் இடத்தில் சராசரியாக 551 வகைகள். எல்லா இடங்களையும் சேர்த்தால் 4,200க்கும் மேல். ஓர் இடத்துக்குள் இருக்கும் செழிப்பைவிட, இடத்துக்கு இடம் ஆட்கள் மாறுவதே மொத்த எண்ணிக்கையை உயர்த்தியது. அந்த மாற்றம் வெப்பத்தோடும் மழையோடும் நெருக்கமாக ஒத்துப்போனது.

இந்த ஆய்வின் வலிமை எண்ணிக்கையில் இல்லை. அதே மரத்தை வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றியதில்தான் இருக்கிறது. சாதாரண மலையில் உயரம் மாறும்போது மர இனங்களும் மாறிவிடும். அப்போது பூஞ்சை மாறியது குளிராலா, மரம் மாறியதாலா என்று பிரிக்க முடியாது. பிரெஞ்சு பிரனீஸ் மலையில் ஐரோப்பிய பீச் மரத்தை மட்டும் உயர வாரியாக ஆராய்ந்தபோதும் பூஞ்சைக் கூட்டம் உயரத்தோடு தெளிவாக மாறியது. அங்கும் வெப்பம் முன்னணிக் காரணிகளில் ஒன்று.

வெப்பமண்டலக் காட்டு இலைகளில் பூஞ்சை வகைகள் உண்மையிலேயே அதிகமா?

ஆம். பனாமாவின் தாழ்நிலக் காட்டில் ஹெய்ஸ்டீரியா, ஔராடியா என்ற இரண்டு சிறு மரங்களின் 83 நலமான இலைகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2000இல் வெளியானது. ஓர் இலைகூட விடாமல் எல்லாவற்றிலும் பூஞ்சை இருந்தது. தோற்றத்தை வைத்துப் பிரித்ததில் 418 வகைகள், மரபணு அடிப்படையில் சுமார் 347. அவற்றில் 59 சதவீதம் ஒரே ஒரு முறைதான் அகப்பட்டன. இந்தக் கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும்: பாதிக்கு மேல் ஒருமுறை மட்டுமே கிடைக்கிறது என்றால், இன்னும் எத்தனை இலை எடுத்தாலும் புதியவை வந்துகொண்டே இருக்கும்.

கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து பனாமா வரை 34 தாவர இனங்களை ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வில், வெப்பமண்டலத்தை நெருங்க நெருங்க உள்வாழ் பூஞ்சைகள் அகப்படும் வீதமும் வகைகளும் கூடின. ஆனால் வியப்பான ஒன்றும் தெரிந்தது. வடக்கே இனங்கள் குறைவு, அவை பல்வேறு பூஞ்சை வகுப்புகளைச் சேர்ந்தவை. தெற்கே இனங்கள் ஏராளம், அவை சில வகுப்புகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. எண்ணிக்கை ஒன்றையே பல்வகைமை என்று எடுத்துக்கொண்டால் இது கண்ணில் படாது.

வெப்பமண்டல மழைக்காட்டில் இலை ஆண்டு முழுவதும் மரத்தில் இருக்கிறது, ஆண்டில் பெரும்பகுதி நனைகிறது, பனிக்கட்டி இல்லை. இலையின் மேலேயே வாழும் லைக்கன்கள், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர்கள், பெரும்பாலும் அங்கே மட்டும் காணப்படுவதற்கும் இதே காரணம். மெல்ல வளரும் லைக்கனுக்கு நீண்ட நாள் வாழும் இலை வேண்டும்.

ஒரே உயரம், ஒரே மரம். ஆனாலும் மலையின் இரு பக்கத்திலும் ஏன் வேறுபாடு?

வெயில் எந்தப் பக்கம் முதலில் விழுகிறது என்பதைப் பாருங்கள். காலை வெயில் படும் சரிவில் பனி எட்டு மணிக்கே காய்ந்துவிடும். நிழல் சரிவில் நண்பகல் வரை நிற்கும். ஒரே நாளில் மூன்று நான்கு மணி நேர ஈர வேறுபாடு என்றால், மேலே சொன்ன ஆப்பிள் சொறிநோய்க் கணக்கின்படி அது தொற்றுக்கும் தொற்றின்மைக்கும் இடையிலான தூரம். காற்று மோதும் பக்கம் மழை, மறுபக்கம் மழைமறைவு. இரவில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், அடிவாரம் நடுச்சரிவைவிடக் குளிராக இருப்பதும் உண்டு. உயரத்தை மட்டும் வைத்து வெப்பத்தைக் கணித்தவர்களுக்கு இங்கே கணக்கு தலைகீழாகும்.

கடலோரத்துக்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரை. டக்ளஸ் ஃபிர் மரத்தைத் தாக்கும் 'சுவிஸ் ஊசியிலை உதிர்வு' நோயை உண்டாக்கும் பூஞ்சை அந்தப் பகுதிக்கே உரியது, உள்நாட்டுக் காடுகளிலும் இருக்கிறது. அது இலைத்துளைகளுக்குள் ஸ்போர் உண்டாக்கும் கனியுறுப்புகளை உருவாக்கி அவற்றை அடைத்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே போக வழியில்லாமல் இலை பட்டினி கிடந்து உதிர்கிறது. மிதமான குளிர்காலமும், ஈரமான வசந்தமும் மூடுபனியும் உள்ள கடலோரப் பட்டையில்தான் நோய் கடுமை. மூன்று நான்கு ஆண்டு ஊசிகளைத் தாங்க வேண்டிய மரம் அங்கே ஓரிரண்டு ஆண்டு ஊசிகளோடு நிற்கும். நோயின் பெயரில் சுவிட்சர்லாந்து ஒட்டிக்கொண்டது, 1925இல் அங்கே முதலில் கண்டறியப்பட்டதால்.

ஒரே மரத்தில் உச்சிக்கிளைக்கும் அடிக்கிளைக்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. உச்சியில் புற ஊதாக் கதிர், காற்று, வேகமான உலர்வு. அங்கே மெலனின் கொண்ட கருநிறப் பூஞ்சைகளும், நிறமி கொண்ட ஈஸ்ட்களும் தாக்குப்பிடிக்கின்றன. அடிக்கிளையில் நிழலும் ஈரமும் நீடிக்கும். மண்ணிலிருந்தும் உதிர்ந்த இலைகளிலிருந்தும் எழும் ஸ்போர்கள் முதலில் எட்டுவதும் அங்கேதான். மரத்துக்கு மரம் ஒப்பிட வேண்டுமானால் ஒரே உயரத்தில், ஒரே திசையில் பறித்தே ஆக வேண்டும்.

இலையின் வயது எவ்வளவு முக்கியம்?

மிகவும். பலர் சறுக்கும் இடம் இது. இலை மூப்படைய மூப்படையப் பூஞ்சைகள் சேர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த உயரத்தில் மரம் தாமதமாகத் துளிர்க்கும். ஒரே நாளில் கீழேயும் மேலேயும் பறித்தால், கீழே இருப்பது மூன்று மாத இலை, மேலே இருப்பது ஆறு வார இலை. 'உயரம் கூடினால் பூஞ்சை குறைகிறது' என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் நீங்கள் அளந்தது வயதை. துளிர்க்கும்போதே கிளையில் நிறநூல் கட்டி வையுங்கள், துளிர்த்த நாளிலிருந்து எண்ணிப் பறியுங்கள்.

வயதும் பருவமும் சேர்ந்து ஒரு பயிரின் தலைவிதியையே முடிவு செய்ததும் உண்டு. அமேசான் பகுதிக்கு உரிய ரப்பர் இலைக்கருகல் நோய், சூடோசெர்கோஸ்போரா உலெய் என்ற பூஞ்சையால் வருவது. இது சுமார் 12 நாளுக்குட்பட்ட இளந்தளிரைத்தான் தாக்கும். முற்றிய இலை தப்பித்துவிடும். ஆண்டு முழுக்க ஈரமான அமேசானில், 1928இல் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா ரப்பர்த் தோட்டம் இந்த நோயால் நொடித்தது. ஆனால் பிரேசிலிலேயே தெளிவான வறட்சிப் பருவம் உள்ள பகுதிகளில் மரம் காய்ந்த நாட்களில் இலை உதிர்த்துத் துளிர்க்கிறது. ஈரம் திரும்பும்போது இலை முற்றியிருக்கும். மரமும் பூஞ்சையும் அவையே, பருவம் மட்டும் வேறு.

மரத்தின் இனம் முக்கியமா, இடம் முக்கியமா?

இரண்டும். பதில் எந்தப் பூஞ்சையைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துருப் பூஞ்சைகளும் சாம்பல் நோய்ப் பூஞ்சைகளும் உயிருள்ள குறிப்பிட்ட மரத்தை விட்டால் வாழ முடியாதவை. அவற்றுக்கு மரமே முதல் எல்லை. கொல்லெடோட்ரைக்கம், கிளாடோஸ்போரியம் போன்றவை பல மரங்களில் குடியேறும். அவற்றை இடமும் பருவமும்தான் தீர்மானிக்கின்றன. எங்கள் கருத்தில், 'மரமா இடமா' என்று ஒரே விடை கேட்கும் ஆய்வுகள் இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

ஸ்போர் காற்றில் எங்கும் போகும் என்றால், கடலும் மலையும் எப்படித் தடையாகின்றன?

பெரும்பாலான ஸ்போர்கள் சில மீட்டரிலிருந்து சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடுகின்றன. மிகச் சிலவே மேலெழுந்து தொலைதூரம் போகும். அவற்றிலும் பல வழியில் புற ஊதாக் கதிராலும் உலர்வாலும் சாகும். உயிரோடு இறங்குவது மட்டும் போதாது. சரியான மரத்தின் மேல், சரியான ஈர இரவில் இறங்க வேண்டும்.

அபூர்வம் என்றாலும் நடக்கும். காபி இலைத்துரு 1869இல் இலங்கையில் பதிவானது. பிரேசிலில் அது கண்டறியப்பட்டது 1970இல். நூறாண்டு இடைவெளி கடல் என்ற தடையின் வலிமையைச் சொல்கிறது. ஒருமுறை கடந்தபின் காபி நாடுகள் முழுக்கப் பரவிய வேகம் தகுந்த காலநிலையின் வலிமையைச் சொல்கிறது. மிர்ட்டில் துரு 2010இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது, 2017இல் நியூசிலாந்தின் முதன்மைத் தீவுகளில்.

நகரத்து மரங்களின் இலைகள் வேறுபடுமா?

வேறுபடும். நகரம் வெப்பமானது, இரவுப் பனி குறைவு, காற்றில் புகையும் நைட்ரஜனும் அதிகம், மரங்கள் தனித்தனியே நிற்பதால் ஸ்போர் வரத்தும் வேறு. மேப்பிள் இலையில் தார் ஒட்டியதுபோல் கரும்புள்ளி உண்டாக்கும் ரைட்டிஸ்மா அசெரினம், கந்தக டை ஆக்சைடு மிகுந்த இடங்களில் அரிதாகிவிடுவதைக் கண்டு, காற்றுத் தூய்மைக்கு அடையாளமாகவே அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு சிக்கல்: அந்தப் பூஞ்சை உதிர்ந்த இலையில் குளிர்காலத்தைக் கழித்து, அங்கிருந்தே வசந்தத்தில் ஸ்போர் விடுகிறது. சருகைக் கூட்டி அள்ளிவிடும் தெருவில் காற்று தூய்மையாக இருந்தாலும் புள்ளி குறையும். புள்ளியை எண்ணுவதற்கு முன் மரத்தடியில் சருகு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பூமி வெப்பமாவதால் என்ன நடக்கும்?

'வெப்பம் கூடினால் பூஞ்சை கூடும்' என்ற ஒற்றை வரி தவறு. மூன்று வேறு திசைகளில் நடப்பதைப் பார்க்கலாம்.

கனடாவின் வடமேற்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாட்ஜ்போல் பைன் மரங்களை டோதிஸ்ட்ரோமா ஊசியிலைக் கருகல் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகத் தாக்கியது. கோடையில் வெதுவெதுப்பான மழை நாட்கள் கூடியதோடு அதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். இங்கே வெப்பமும் ஈரமும் சேர்ந்து வந்தன.

ஐரோப்பிய ஆஷ் மரங்களை இலை வழியாகப் புகுந்து அழிக்கும் ஹைமெனோஸ்கைஃபஸ் ஃபிராக்சினியஸ் பூஞ்சைக்கு 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் ஒவ்வாது. வெயில் காயும் கோடைகளிலும், திறந்த வெளியில் தனித்து நிற்கும் மரங்களிலும் நோய் தணிகிறது.

மூன்றாவது, பைன் மரங்களுக்குள் அடங்கிக் கிடக்கும் டிப்ளோடியா சாபினியா. ஈரம் கூடுவதால் அல்ல, வறட்சியாலும் ஆலங்கட்டி மழையாலும் மரம் தளரும்போது அது நோயாக மாறுகிறது.

இலையில் பூஞ்சை இருப்பதால் மரத்துக்கு நன்மை உண்டா?

உண்டு. பனாமாவில் கொக்கோ நாற்றுகளின் இலைகளில் உள்வாழ் பூஞ்சைகளைக் குடியேற்றியபோது, ஃபைட்டோஃப்தோரா என்ற நோய்க்கிருமியின் தாக்குதலால் ஏற்படும் இலை இழப்பு குறைந்தது. எல்லா உள்வாழ் பூஞ்சையும் காவலாளி என்று பொருளில்லை. பல வெறும் குடியிருப்பாளர்கள், சில வாய்ப்புக்காகக் காத்திருக்கும் நோய்க்காரணிகள்.

உயர வாரியாகவோ ஈர வாரியாகவோ ஆய்வு செய்ய, இடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரே மர இனம், குறைந்தது ஐந்து உயரங்கள், உயரத்துக்கு 8 முதல் 10 மரங்கள், மரங்களுக்கிடையே 10 மீட்டருக்கு மேல் இடைவெளி. மரத்துக்குப் பத்து இலை போதும். முடிந்தால் இரண்டு சரிவுகளில் செய்யுங்கள், ஒன்று ஈரப் பக்கம், மற்றது வறண்ட பக்கம். ஒரே சரிவில் உயரத்தோடு மழையும் கூடிக்கொண்டே போனால், வெப்பத்தின் பங்கையும் மழையின் பங்கையும் எந்தப் புள்ளியியலாலும் பிரித்தெடுக்க முடியாது. இதைக் களத்திலேயே தீர்க்க வேண்டும், கணினியில் அல்ல.

அடுத்து, அருகருகே உள்ள மரங்கள் எப்படியும் ஒத்திருக்கும். அதனால் ஒவ்வொரு மரத்தின் இருப்பிட ஆயங்களையும் பதியுங்கள். பிறகு தூரத்தின் பங்கைக் கழித்துவிட்டுக் காலநிலையின் பங்கைக் கணக்கிடலாம். இன்னும் உறுதியான சான்று வேண்டுமானால், ஒரே தாயிலிருந்து எடுத்த பதியன்களைத் தொட்டியில் வளர்த்து, துளிர்க்கும் முன் ஒவ்வோர் உயரத்திலும் வையுங்கள். மரபணு, வயது, மண் மூன்றும் ஒன்றே. மாறுவது இடம் மட்டும்.

வானிலைத் தரவை எங்கோ உள்ள நிலையத்திலிருந்து எடுக்காதீர்கள். இலை உயரத்தில், நேர் வெயில் படாத மறைப்புக்குள் வெப்பம், ஈரப்பதம் பதியும் சிறு கருவியை மாட்டி, 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியவிடுங்கள். இலை ஈர உணரி இல்லையென்றால், ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த மணி நேரங்களை ஈர நேரமாகக் கொள்ளலாம். மறைப்பில்லாமல் கருவியைத் தொங்கவிட்டால் வெயிலில் அதன் வெப்பம் பல டிகிரி கூடுதலாகக் காட்டும்.

உள்வாழ் பூஞ்சையை மட்டும் வளர்த்தெடுப்பது எப்படி?

பறித்த இலையைக் காகிதப் பையில் வைத்துக் குளிர்ச்சியாகக் கொண்டுவந்து, 24 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். நெகிழிப் பையில் வியர்த்தால் மேற்பரப்புப் பூஞ்சைகள் பெருகிவிடும்.

1. ஓடும் நீரில் கழுவுங்கள்.
2. 95 சதவீத எத்தனாலில் 10 விநாடி. இது மெழுகின் மேல் நீர் ஒட்ட உதவும்.
3. 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம். 5 சதவீதக் கரைசல் கையில் இருந்தால், ஒரு பங்குக்கு 9 பங்கு நீர். அன்றன்றே கலக்குங்கள், நாள்பட்டால் வீரியம் போய்விடும்.
4. 70 சதவீத எத்தனாலில் 2 நிமிடம்.
5. கிருமிநீக்கிய தாளில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 2 சதவீத மால்ட் அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) வையுங்கள். 22 டிகிரி போதும்.

சில ஆய்வகங்கள் வெட்டிய பிறகு கழுவுகின்றன. மெல்லிய இலைக்கு அது சரிப்படாது. வெட்டு வாய் வழியாக ஹைப்போகுளோரைட் உள்ளே ஏறி, தேடும் பூஞ்சையையே கொன்றுவிடும். தடித்த இலைக்கு நேரத்தைச் சற்று நீட்டலாம், ஆனால் ஓர் ஆய்வுக்குள் நேரத்தை மாற்றக் கூடாது.

மேற்பரப்பு உண்மையில் சுத்தமாயிற்றா என்று அறிய, கழுவிய இலையை ஒரு தனி அகார் தட்டில் சில நிமிடம் அழுத்தி எடுங்கள். அந்தத் தட்டில் ஏதாவது முளைத்தால் அன்றைய வேலை செல்லாது. துண்டை 2 மில்லிமீட்டருக்குள் வைப்பதற்கும் காரணம் உண்டு. பெரிய துண்டில் வேகமாக வளரும் ஒரு பூஞ்சை மற்றவற்றை மூடிவிடும். தட்டுகளைக் குறைந்தது ஆறு வாரம் வைத்திருங்கள். மெதுவாக வளர்பவை கடைசியில்தான் தலைகாட்டும்.

டிஎன்ஏ முறையே போதாதா? அதில் என்ன தவறு நேரும்?

தட்டில் வளராத துருவையும் சாம்பல் பூஞ்சையையும் டிஎன்ஏ முறை பிடித்துவிடும், அது பெரிய நன்மை. ஆனால் எத்தனால் பூஞ்சையைக் கொல்லும், அதன் டிஎன்ஏவை அழிக்காது. ஹைப்போகுளோரைட் படி இல்லாவிட்டால் மேற்பரப்பில் செத்துக் கிடக்கும் ஸ்போரும் உள்வாழ் பூஞ்சையாகக் கணக்கில் ஏறும்.

பூஞ்சை இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் டிஎன்ஏ துண்டான ஐடிஎஸ் பகுதி மரத்துக்கும் உண்டு. பூஞ்சைக்கென்றே அமைந்த ஐடிஎஸ்1எஃப் போன்ற தொடக்கிகளை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பயன்படுத்தாவிட்டால், பணம் கொடுத்து மரத்தின் டிஎன்ஏவையே படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பகுதியின் பிரதிகள் இனத்துக்கு இனம் எண்ணிக்கையில் வேறுபடும். ஆகவே ஒரு பூஞ்சைக்கு ஆயிரம் வரிசைகள் கிடைத்தால் அது இலையில் ஆயிரம் பங்கு இருந்தது என்று கொள்ள வேண்டாம். கீழ்மலை மாதிரிகளை ஒரு நாளும் மேல்மலை மாதிரிகளை இன்னொரு நாளும் ஓட்டினால், நாளின் வேறுபாடு உயரத்தின் வேறுபாடாக வேடம் போடும். எல்லாவற்றையும் கலந்து வரிசைப்படுத்துங்கள். இலையே இல்லாத வெற்று மாதிரிகளையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

விலை உயர்ந்த கருவி இல்லாமல் வகுப்பறையில் செய்யத்தக்க சோதனை உண்டா?

இளஞ்சிவப்பு ஈஸ்ட் சோதனை உண்டு. ஸ்போரோபோலோமைசிஸ் என்ற இந்த ஈஸ்ட், ஈரக் காற்றில் தன் ஸ்போரைச் சுண்டி எறியும். இலையை அகாருக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும், அதுவே கீழே விதைத்துக்கொள்ளும்.

ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் மால்ட் சாறு, 15 கிராம் அகார் கலந்து, பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் 15 நிமிடம் வேகவைத்துத் தட்டுகளில் ஊற்றுங்கள். முற்றிய இலைகளிலிருந்து 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டுகளை வெட்டுங்கள். ஒரு வட்டின் பரப்பு அரை சதுர சென்டிமீட்டர். தட்டின் மூடியின் உட்புறத்தில் வாசலின் புள்ளி வைத்து வட்டுகளை ஒட்டுங்கள், பாதியில் இலையின் மேற்புறமும் பாதியில் அடிப்புறமும் அகாரைப் பார்க்கட்டும். ஒரு நாள் கழித்து வட்டுகளோடு உள்ள மூடியை எடுத்துவிட்டு, சுத்தமான மூடி போடுங்கள். 20 டிகிரியில் மூன்று நான்கு நாளில் வட்டு இருந்த இடத்துக்கு நேர்கீழே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். எண்ணி, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை என்று எழுதுங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் முதலில் இலை காய்ந்திருந்ததா என்று பாருங்கள். உலர்ந்த வட்டு ஸ்போரை எறியாது. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போனால், மூடியை ஆறு மணி நேரத்திலேயே மாற்றுங்கள். எல்லாத் தட்டுகளுக்கும் அதே ஆறு மணி நேரம். சாம்பல் நிறப் பஞ்சு மூடிக்கொண்டால் வட்டு அகார் மேல் விழுந்திருக்கும், அந்தத் தட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரே இன மரத்தைப் போக்குவரத்து மிகுந்த சாலையோரம், பூங்கா, காட்டோரம் என மூன்று இடங்களில் ஒரே நாளில், ஒரே உயரத்தில் பறித்து ஒப்பிட்டால் வேறுபாடு தட்டிலேயே தெரியும். மழை பெய்த மறுநாள் ஓரிடம், வெயில் நாளில் ஓரிடம் என்று பறித்தால் ஒப்பிட முடியாது.